டெரிஜியம்: கண்ணில் மீண்டும் வளரும் சதையும் ஒட்டு அறுவையின் வரலாறும்

டெரிஜியம் என்பது கண்ணின் வெள்ளைப் பகுதியில் தோன்றிக் கருவிழியின் மேல் முக்கோண வடிவில் படரும் சதை வளர்ச்சி ஆகும். பேச்சுவழக்கில் இதைக் 'கண்ணில் சதை வளர்தல்' என்பர். இது புற்றுநோய் அன்று. மெதுவாக வளரும், பலருக்குக் கருவிழியின் ஓரத்தோடு நின்றுவிடும். சிலருக்குக் கண்மணிக்கு நேராகப் படர்ந்து பார்வையை மறைக்கும். கருவிழியின் வளைவை மாற்றிப் பார்வையை மங்கச் செய்யும். வளர்ந்த சதையை நீக்க அறுவை ஒன்றே வழி. ஆனால் அறுத்த இடத்தில் சதை மீண்டும் வளர்வதே இந்நோயின் பெரிய சிக்கலாக இருந்து வந்துள்ளது. அறுத்தபின் வெறுமையாகும் இடத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு மருத்துவர்கள் தேடிய விடைகளே இந்த அறுவையின் வரலாற்றில் பெரும்பகுதி.

பெயரும் இயல்பும்

டெரிஜியம் என்ற பெயர் 'சிறு சிறகு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சதையின் கூர்மையான முனை கருவிழியை நோக்கியும் அகன்ற அடிப்பகுதி கண்ணின் மூலையை நோக்கியும் இருப்பதால் அது பூச்சியின் சிறகைப் போலத் தோன்றும்.

இந்நோயை விளங்கிக்கொள்ளக் கண்ணின் மூன்று பகுதிகளை அறிந்திருந்தால் போதும். ஒளியை உள்ளே விடும் முன்புறக் கண்ணாடி போன்ற பகுதி கருவிழி. அதைச் சுற்றியுள்ள உறுதியான வெண்ணிறச் சுவர் வெள்ளைவிழி. வெள்ளைவிழியின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு இணைப்படலம். இணைப்படலத்திற்கும் வெள்ளைவிழிக்கும் இடையே டெனான் உறை என்ற நார்த்திசு உண்டு. டெரிஜியத்தில் இணைப்படலமும் அதன் அடித்திசுவும் தடித்து, இரத்தக் குழாய்களோடு கருவிழியின் மேல் ஏறுகின்றன.

1965-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கேமரன், உலகெங்கும் இந்நோய் காணப்படும் இடங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். நிலநடுக்கோட்டிற்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 37 பாகை வரையுள்ள நிலப்பகுதியில் இது மிகுதி என்று அவர் காட்டினார். தமிழ்நாடும் இலங்கையும் இப்பகுதிக்குள் அடங்கும். வெயிலில் வேலை செய்யும் உழவர், மீனவர், கட்டடத் தொழிலாளர் ஆகியோரிடம் இது அதிகம் காணப்படுவதற்குச் சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களே முதன்மைக் காரணம் எனக் கருதப்படுகிறது.

சதை பெரும்பாலும் மூக்கை ஒட்டிய பக்கத்தில் வளர்வதற்கு 1993-இல் சிட்னி மருத்துவர் கொரோனியோ ஒரு விளக்கம் அளித்தார். நெற்றிப்பொட்டுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழி ஒரு வில்லையைப் போல வளைத்து, மூக்குப் பக்க விளிம்பில் குவிக்கிறது. அவ்விடத்தில் ஒளியின் செறிவு ஏறத்தாழ 20 மடங்கு கூடுகிறது. கண்ணுக்கு நேராக வரும் ஒளியை மட்டும் தடுக்கும் கண்ணாடியைவிடப் பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடியும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் சிறந்த காப்பு எனக் கூறப்படுவதற்கு இதுவே காரணம்.

பண்டைய அறுவை முறைகள்

சுஸ்ருத சம்ஹிதையின் உத்தர தந்திரப் பகுதி இந்நோயை 'அர்மம்' என்ற பெயரில் ஐந்து வகைகளாகப் பிரித்துக் கூறுகிறது. அறுவை முறையும் அதில் விரிவாக உள்ளது. முதலில் உப்புப் பொடியிட்டுச் சதையைத் தளரச் செய்ய வேண்டும். நோயாளியைக் கண்ணின் ஓரமாகப் பார்க்கச் சொல்லி, கொக்கியால் சதையைப் பிடித்துத் தூக்கி, வட்ட முனையுடைய கத்தியால் கருவிழியிலிருந்து மூலை வரை விடுவித்து வெட்ட வேண்டும். கண்ணின் மூலையை ஒட்டிக் காற்பங்கு சதையை விட்டுவிட வேண்டும். மூலை வெட்டுப்பட்டால் இரத்தப்போக்கும் புரையோடும் புண்ணும் உண்டாகும் என்று நூல் எச்சரிக்கிறது. அதேவேளை, தேவைக்குக் குறைவாக வெட்டினால் சதை விரைவில் மீண்டும் வளரும் என்றும் கூறுகிறது. மீள்வளர்ச்சி பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் இதுவும் ஒன்று.

முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய ஆசிரியர் செல்சசும் இதே அறுவையை விவரித்துள்ளார். ஊசியில் கோத்த நூலைச் சதையின் அடியில் செலுத்தி, நூலின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கி, கத்தியின் பின்புறத்தால் கருவிழியிலிருந்து பெயர்த்து, பின் வெட்ட வேண்டும் என்பது அவருடைய முறை. கண்ணின் மூலையை வெட்டிவிட்டால் கண்ணீர் ஓயாமல் வழியும் என அவரும் எச்சரித்தார். அறுத்தபின் தேன் தடவிய துணித்திரியை வைத்துக் கட்டவும், அடுத்து வரும் நாட்களில் இமைகளை விலக்கித் திறக்கவும் அவர் அறிவுறுத்தினார். புண் ஆறும்போது இமைகள் ஒட்டிக்கொள்ளும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏகினாவின் பவுல், நூலோடு குதிரைமுடியையும் சதையின் அடியில் செலுத்தி, முடியை அறுவாள் போல இழுத்துச் சதையைப் பெயர்க்கும் முறையைக் குறித்து வைத்தார்.

இம்முறைகள் அனைத்திலும் மருத்துவரின் கவனம் எவ்வளவு வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதிலேயே இருந்தது. வெட்டிய இடம் தானாக ஆற விடப்பட்டது. மூலையைக் காக்கக் குறைவாக வெட்டினால் சதை மீளும். முழுமையாக வெட்டினால் மூலை கெடும். இந்த நெருக்கடி பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது.

திசைதிருப்பும் முறைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கண் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தபோது இரண்டு புதிய எண்ணங்கள் தோன்றின. ஒன்று, வெட்டிய இடத்தின் இருபுறமும் உள்ள இணைப்படலத்தை இழுத்துத் தைத்து மூடுவது. மற்றொன்று, சதையை வெட்டி எறியாமல் அதன் முனையை வேறு திசைக்கு மாற்றுவது. பிரெஞ்சு மருத்துவர் தேமார் இரண்டாவது வழியை முன்வைத்தார். அமெரிக்காவில் டல்லஸ் நகரைச் சேர்ந்த மக்ரெனால்ட்ஸ் 1902-இல் இதைத் திருத்தமாக விவரித்தார். சதையின் முனையைக் கருவிழியிலிருந்து பெயர்த்து, கீழ்ப்புற இணைப்படலத்தின் அடியில் புதைத்துத் தைப்பது அவருடைய முறை. வளர்ச்சி தொடர்ந்தாலும் அது கருவிழியை நோக்கிச் செல்லாது என்பது எதிர்பார்ப்பு.

1884-இல் கோலர் என்ற வியன்னா மருத்துவர் கொக்கெய்ன் சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று கண்டறிந்திருந்தார். அதன்பின் நோயாளி வலியின்றி நெடுநேரம் படுத்திருக்க முடிந்தது. நுட்பமான தையல்கள் இதனால் இயன்றன. எனினும் திசைதிருப்பிய சதை கண்ணின் கீழ்ப்புறத்தில் சிவந்த மேடாகத் தங்கியது. பலருக்கு அது மீண்டும் கருவிழியின் மேல் ஏறியது.

வெள்ளைவிழியைத் திறந்து விடுதல்

1948-இல் சிட்னி மருத்துவர் டாம்பிரைன், சதையை அகற்றியபின் வெள்ளைவிழியின் ஒரு பகுதியை மூடாமல் விட்டுவிடும் முறையை வெளியிட்டார். இணைப்படலத்தின் வெட்டு விளிம்பு கருவிழியிலிருந்து தள்ளி இருக்குமாறு தைத்துவிட்டால், அது ஊர்ந்து வருவதற்குள் கருவிழியின் காயம் ஆறிவிடும் என்பதே இம்முறையின் அடிப்படை. அறுவை சில நிமிடங்களில் முடிந்தது. சிறப்புக் கருவிகள் தேவைப்படவில்லை. எனவே இது உலகெங்கும் விரைவாகப் பரவியது.

ஆனால் அதன் விளைவுகள் ஏமாற்றம் அளித்தன. பின்வந்த ஆய்வுகளில் இம்முறைக்குப்பின் மீள்வளர்ச்சி 24 முதல் 89 சதவீதம் வரை பதிவாகியுள்ளது. மீண்டு வரும் சதை முதல் சதையைப் போன்றதும் அன்று. அறுவைக் காயத்தால் தூண்டப்பட்ட டெனான் உறை வடுத்திசுவாகத் தடித்து, வெள்ளைவிழியோடும் சில வேளை கண்ணை அசைக்கும் தசையோடும் இறுக ஒட்டிக்கொள்கிறது. கண் ஒரு பக்கமாகத் திரும்ப முடியாமல் போகலாம். பொருள்கள் இரண்டாகத் தெரியலாம். ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் கருவிழி மெலிகிறது, இணைப்படலம் குறைகிறது. பார்வையைத் தொடாத சிறு சதையோடு வந்த ஒருவர், இரண்டு மூன்று அறுவைகளுக்குப்பின் முன்னிலும் மோசமான கண்ணோடு இருக்கும் நிலை இவ்வாறு ஏற்பட்டது.

கதிரும் மருந்தும்

மீள்வளர்ச்சியைத் தடுக்க அடுத்து நாடப்பட்டவை, பெருகும் செல்களை அழிக்கும் வழிகள். ஸ்ட்ரோன்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருளைச் சிறு தகட்டில் பொருத்தி, அறுத்த இடத்தின் மேல் வைத்துப் பீட்டா கதிர் பாய்ச்சினர். 1960-களில் தயோடெப்பா என்ற புற்றுநோய் மருந்து சொட்டு மருந்தாகப் பயன்பட்டது. கருநிறத் தோலுடையவர்களுக்கு இமைத்தோல் வெளுத்துப்போவது அதன் பக்க விளைவாக இருந்தது. 1963-இல் ஜப்பானிய மருத்துவர்கள் குனிதோமோவும் மோரியும் மைட்டோமைசின்-சி என்ற மற்றொரு புற்றுநோய் மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1980-களின் இறுதியில் அது அமெரிக்காவிலும் பரவியது.

இவ்வழிகள் மீள்வளர்ச்சியைக் குறைத்தன. ஆனால் அதற்கான விலை தாமதமாகவே தெரிந்தது. கதிர் பெற்ற சில கண்களில் ஆண்டுகள் பல கழித்து வெள்ளைவிழி நைந்து மெலிந்தது. அவ்வழியே கிருமி உட்புகுந்து கண்ணையே இழந்தவர்களும் உண்டு. 1980-இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஆய்வு இத்தகைய பின்விளைவுகளைத் தொகுத்துக் காட்டியது. 1992-இல் அமெரிக்க மருத்துவர் ரூபின்ஃபெல்டும் அவருடைய குழுவினரும், மைட்டோமைசின் சொட்டு மருந்துக்குப்பின் கடும் பாதிப்புக்கு உள்ளான 10 நோயாளிகளைப் பற்றி எழுதினர். கருவிழியில் துளை, கண் நீர் அழுத்தம், கண்புரை ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. உயிருக்கு ஊறு செய்யாத ஒரு சதைக்காகக் கண்ணைப் பறிகொடுக்கும் அளவுக்கு மருத்துவம் போகலாமா என்ற கேள்வி இதனால் வலுப்பெற்றது. மைட்டோமைசின் இன்றும் பயன்படுகிறது. ஆயினும் அறுவையின்போது குறைந்த அளவில், சில நிமிடங்கள் மட்டும் வைத்துக் கழுவி எடுப்பதே வழக்கமாகியுள்ளது.

சுய இணைப்படல ஒட்டு

வெட்டிய இடத்தை ஒட்டுத் திசுவால் மூடும் எண்ணம் புதியதன்று. தோலையும் வாயின் உட்பகுதிச் சவ்வையும் மருத்துவர்கள் முயன்று பார்த்தனர். தோல் கண்ணுக்குப் பொருந்தவில்லை. வாய்ச்சவ்வு தடிப்பாகச் சிவந்து நின்றது. 1920, 1930-களில் எல்ஷ்னிக், கோமெஸ்-மார்க்கெஸ் போன்ற ஐரோப்பிய மருத்துவர்கள் கண்ணின் வேறிடத்திலிருந்து எடுத்த இணைப்படலத்தையே பயன்படுத்தினர். நுண்ணோக்கியும் மயிரினும் மெல்லிய தையல் நூலும் இல்லாத காலத்தில் அது கடினமான வேலை. எனவே எளிய முறைகளே நிலைத்தன.

அறுவை நுண்ணோக்கி பரவலான பின் இம்முயற்சி மீண்டும் உயிர்பெற்றது. 1977-இல் பாஸ்டன் மருத்துவர் தாஃப்ட் இணைப்படல மாற்று முறையை விவரித்தார். 1985-இல் அதே நகரின் கென்யன், வாகனர், ஹெட்டிங்கர் ஆகியோர் முற்றிய, மீண்டும் வளர்ந்த டெரிஜியங்களில் செய்த ஒட்டு அறுவைகளை வெளியிட்டனர். 54 நோயாளிகளின் 57 கண்களில் 3 கண்களில் மட்டுமே சதை மீண்டது. இவற்றுள் பெரும்பாலானவை முன்பே அறுத்து மீண்டும் வளர்ந்தவை என்பதால் இம்முடிவு கவனம் பெற்றது.

இம்முறையில், மேல் இமை மறைக்கும் இடத்திலிருந்து இணைப்படலத்தை மெல்லிய துண்டாக எடுத்து, சதை அகற்றிய இடத்தில் பரப்பித் தைக்கின்றனர். வெயில் படாத அவ்விடத்தின் திசு நலமாக இருக்கும். துண்டில் டெனான் உறை ஒட்டியிருக்கக் கூடாது. இருந்தால் ஒட்டு சுருங்கும். துண்டின் கருவிழிப் பக்க விளிம்பு புதிய இடத்திலும் கருவிழியை ஒட்டியே அமைய வேண்டும். எடுத்த இடம் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும்.

கருவிழி விளிம்பின் சிறப்பு இதே காலத்தில்தான் தெளிவாயிற்று. கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் குருத்தணுக்கள் அவ்விளிம்பில் உள்ளன என்று 1971-இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் தவாங்கரும் எவென்சனும் கருத்து தெரிவித்திருந்தனர். 1980-களின் ஆய்வுகள் அதற்குச் சான்று அளித்தன. விளிம்பு நலமாக இருக்கும்வரை இணைப்படலம் கருவிழியின் மேல் ஏறுவதில்லை. இவ்வறிவின் அடிப்படையில், விளிம்புத் திசுவையும் சேர்த்து எடுக்கும் விளிம்பு-இணைப்படல ஒட்டு உருவாயிற்று. பலமுறை மீண்ட சதைக்கு இது பயன்படுகிறது. எடுக்கும் இடத்தின் விளிம்பைக் கெடுத்துவிடாமல் மிக மெல்லியதாக எடுப்பது இதில் முதன்மையானது.

பனிக்குடப் படலம்

கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடப் படலத்தை 1940-இல் தெ ரோத் கண்ணில் பயன்படுத்தினார். 1946-இல் இங்கிலாந்தில் சோர்ஸ்பியும் சைமன்சும் சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்களால் வெந்த கண்களுக்கு அதை இட்டனர். பின் அது ஏறத்தாழ மறக்கப்பட்டது. 1995-இல் கிம், செங் ஆகியோர் முயல்களில் செய்த ஆய்வுக்குப்பின் அது மீண்டும் அறுவை அறைக்கு வந்தது. தாயின் ஒப்புதலோடு, அறுவைப் பேற்றின்போது பெறப்படும் படலம் சோதித்துத் தூய்மை செய்து பதப்படுத்தப்படுகிறது. வீக்கத்தையும் வடுவையும் குறைக்கும் இயல்பு அதற்கு உண்டு. நோயாளியின் சொந்த இணைப்படலத்தை எடுக்கத் தேவையில்லை என்பது இதன் பெரும் நன்மை.

1997-இல் பிரபாசாவத், செங் முதலானோர் வெளியிட்ட ஒப்பீட்டில், முதன்முறை அறுத்தவர்களிடம் பனிக்குடப் படலத்திற்குப்பின் 10.9 சதவீதமும் சுய ஒட்டுக்குப்பின் 2.6 சதவீதமும் மீள்வளர்ச்சி இருந்தது. முன்பே மீண்ட சதையை அறுத்தவர்களிடம் இவ்விகிதம் முறையே 37.5, 9.1 சதவீதம். 2016-இல் காக்ரேன் அமைப்பு 20 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோதும், ஆறு மாத முடிவில் சுய ஒட்டு பெற்றவர்களுக்கு மீள்வளர்ச்சி ஏறத்தாழ பாதியாகவே இருந்தது.

கையும் காலமும்

ஒட்டு முறையின் முடிவுகள் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. 1995-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வில் சுய ஒட்டுக்குப்பின் 39 சதவீதத்தினருக்குச் சதை மீண்டது. 1997-இல் சிங்கப்பூரில் டொனால்ட் டான் குழுவினர் நடத்திய ஆய்வில் அது 2 சதவீதமாக இருந்தது. திறந்து விடும் முறையில் 61 சதவீதம். சதை தடித்து, அடியிலுள்ள இரத்தக் குழாய்களை மறைத்திருந்தால் திறந்து விடும் முறையில் மீள்வளர்ச்சி மிகுதி என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

இத்தனை வேறுபாடு ஏன் என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் தேசியக் கண் மையத்திலிருந்து 2000-இல் வெளியான மற்றோர் ஆய்வு ஒரு விடை தந்தது. ஒரே மையத்தில் ஒரே முறையைச் செய்த மருத்துவர்களிடையே மீள்வளர்ச்சி 5 முதல் 82 சதவீதம் வரை வேறுபட்டது. முறை சரியாக இருந்தாலும், மெல்லிய ஒட்டை எடுக்கும் பயிற்சி கைவர வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லாரன்ஸ் ஹர்ஸ்ட் இதன் எல்லையைக் காட்டினார். அடித்திசுவை மிக விரிவாக அகற்றி, மிகப் பெரிய சுய ஒட்டை இடும் அவருடைய முறையில், 1000 அறுவைகளில் ஒன்றில் மட்டுமே சதை மீண்டதாக 2012-இல் வெளியிட்டார். ஆனால் இது நேரமும் திறனும் மிகுதியாகக் கோரும் அறுவை. நாளொன்றுக்குப் பலருக்கு அறுவை செய்ய வேண்டிய மருத்துவமனைகளில் இதை அப்படியே பின்பற்றுவது எளிதன்று. வெயிலில் உழைப்போரிடம் மிகுந்து காணப்படும் நோய்க்கு, நெடுநேர அறுவையே சிறந்த விடையாக அமைந்திருப்பது இத்துறையின் முரண்.

தையல் இல்லா ஒட்டு

அறுவை நேரத்தைக் குறைக்கும் முயற்சியில் ஒட்டைத் தைப்பதற்கு மாற்று தேடப்பட்டது. 2004-இல் சுவீடன் மருத்துவர் கொரான்யியும் குழுவினரும், இரத்தம் உறைய உதவும் புரதத்தால் ஆன ஃபைப்ரின் பசையால் ஒட்டைப் பொருத்தும் முறையை 'வெட்டி ஒட்டுதல்' என்று பெயரிட்டு விவரித்தனர். தையல் உறுத்தல் இல்லாததால் நோயாளிக்கு வலி குறைந்தது. அறுவை நேரமும் குறைந்தது. ஆனால் பசை விலை மிகுந்தது. 2010-இல் தெ விட் முதலானோர், அறுவை இடத்தில் கசியும் நோயாளியின் சொந்த இரத்தமே உறைந்து ஒட்டைப் பிடித்துக்கொள்ளும் எனக் காட்டினர். செலவில்லாத இம்முறை இந்தியாவின் பல மருத்துவமனைகளில் வழக்கத்தில் உள்ளது. முதல் சில நாட்களில் கண்ணைக் கசக்கினால் ஒட்டு நழுவிவிடும் என்பது இதன் குறை.

இன்றைய தெரிவுகள்

முதன்முறை அறுவைக்கும் மீண்ட சதைக்கும் சுய இணைப்படல ஒட்டே முதல் தெரிவாகக் கருதப்படுகிறது. மேற்புற இணைப்படலம் முன்பே எடுக்கப்பட்டு வடுவாகியிருந்தால் கீழ்ப்புறத்திலிருந்தோ மற்றொரு கண்ணிலிருந்தோ எடுக்கின்றனர். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களிடம் மேற்புற இணைப்படலத்தைத் தொடுவதைத் தவிர்க்கின்றனர். பின்னாளில் அழுத்தத்தைக் குறைக்கும் அறுவைக்கு அவ்விடம் தேவைப்படும். கண்ணின் இருபுறமும் சதை வளர்ந்து, எடுக்கத் திசு போதாதபோது பனிக்குடப் படலம் உதவுகிறது. பலமுறை அறுக்கப்பட்டு இமையும் விழியும் ஒட்டிப்போன கண்களில் வாய்ச்சவ்வு இன்றும் பயன்படுகிறது. கருவிழி மிகவும் மெலிந்திருந்தால் தானமாகப் பெற்ற கருவிழியின் மேலடுக்கை ஒட்டுகின்றனர்.

மீள்வளர்ச்சி பெரும்பாலும் அறுவைக்குப்பின் முதல் ஓராண்டிற்குள் தென்படுகிறது. எனவே அக்காலம் வரை மருத்துவரிடம் தொடர்ந்து காட்ட வேண்டும். பார்வையைப் பாதிக்காத சிறு சதையை அறுக்காமல் கவனித்து வருவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழியே. முதல் அறுவை முறையாக அமைந்தால் இரண்டாவது அறுவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மீண்ட சதையை எத்தனை ஒட்டுகளால் சரிசெய்ய முடிந்தாலும், முதல் அறுவையில் கிடைக்கும் நல்ல திசு பிறகு அதே அளவில் கிடைப்பதில்லை.